செருப்புப் பையில் வைத்த பம்பு

பாப்பா,

நீ இதைப் பிரிக்கும்போது உன் வீட்டுக்காரருக்கு உன் வீசிங் விஷயம் தெரிந்திருக்கும். நான்தான் சொன்னேன். உன்னைக் கேட்காமல், செவ்வாய்க்கிழமை மத்தியானம் டி. நகருக்கு பஸ் ஏறிப் போய், அவர் வேலை செய்யும் பேங்குக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் நிற்க வைத்துச் சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆகி ஏழு மாதமாக நீ கட்டிக் காத்ததை ஒரு டீ ஆறுவதற்குள் உடைத்துவிட்டேன். கோபப்படு, எவ்வளவு வேண்டுமானாலும் படு. ஆனால் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே, கடைசி வரைக்கும் படி. போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் நீ கத்துவாய், நான் அழுவேன், யாராவது ஒருத்தர் பாதியில் வைத்துவிடுவோம். ஒன்றரை வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பாதியில் விட முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். சமையல்கட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து மொச்சைக்கொட்டைக் குழம்பு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் போனில் படம் காட்டினாய். நீலத்தில் ஒரு ஏரி. சுற்றிலும் மொட்டை மலை.

“மரமே காணோமேடி” என்றேன்.

“அங்க மரம் வளராது மா. அவ்ளோ உசரம். லடாக். பிளேன்ல போய் எறங்கினா நேரா மலைதான்.”

“நைனா போன எடத்த விடவா?”

நீ தட்டைப் பார்த்தாய். “கொஞ்சம் மேலதான். அது வேற மா, இது வேற. அங்க ஓட்டல்லயே ஆக்சிஜன் வெச்சிக்கினு கீறாங்களாம்.”

“பம்பு?”

“அஞ்சு நாளு ஒரே ரூமு, ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி. எங்க மா மறைக்கிறது? இங்கயே வெச்சிட்டுப் போறேன். ஆறு மாசமா வீசிங்கே வர்ல. மூஞ்சிய அப்படி வெச்சிக்காத. நான் ஹனிமூன் போறேன், எமலோகத்துக்கு இல்ல.”

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கை கழுவப் போன பிறகும் அந்த ஏரிப் படம் தரையில் கிடந்த போனில் வெளிச்சமாக இருந்தது. ஆறு மாதமாக வரவில்லை என்றால், காலையிலும் ராத்திரியிலும் நீ தவறாமல் அந்த மூச்சு மருந்துப் பம்பை அடித்துக்கொள்வதால் வரவில்லை. அதை இங்கே வைத்துவிட்டு, காற்றே இல்லாத மலைக்கு நீ போகப்போகிறாய். காரணம், மறைக்க இடம் இல்லை. பாப்பா, மறைக்கச் சொல்லிக் கொடுத்தது நான். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் பெட்டியை நான்தான் அடுக்கினேன். ரெண்டு பம்பையும் நாப்கின் பாக்கெட்டுக்குள் சொருகி, “இத ஆம்பளைங்க தொட மாட்டாங்க, பாத்ரூம்லயே வெச்சிக்கோ, அங்கயே அடிச்சிக்கோ, தண்ணிக் குழாயத் தொறந்து உட்டுக்கோ” என்று சொன்னேன். கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது என்று உனக்குத் தெரியும். முதலில் வந்த சம்பந்தம், பூ வைக்கிற வரைக்கும் வந்து நின்றுபோனது. அந்தப் பையனின் அம்மா உன் கைப்பையில் பம்பைப் பார்த்துவிட்டு, “இது பொறக்கப்போற புள்ளைக்கும் வருமே” என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். நீ அன்றைக்குத் தரமணி ஆபீஸுக்கு பஸ் ஏறிப் போய்விட்டாய். நான்தான் சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். சாமி, இவளுக்கு ஒரு நல்ல இடம் அமைந்தால் உன் மலைக்கு வந்து உன்னைப் பார்க்கிறேன் என்று. பிறகு அமையட்டும் என்று காத்திருக்கவும் பொறுக்கவில்லை. முன்னாடியே போய்க் கேட்டுவிட்டு வந்தால் சீக்கிரம் கொடுப்பார் என்று தோன்றியது. நம் பக்கத்துத் தெருக்களில் இருந்து ஒரு பஸ் ஆட்கள் கூட்டாக வடக்கே யாத்திரை கிளம்பினார்கள். நைனாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அந்தக் கோயில் பெயரை எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை.

நைனாவுக்கு நெஞ்சு எப்படி என்று எனக்குத் தெரியாதா? மாட வீதிக்குப் பின்னால் இருந்த மாவு மில்லில் மீசை முளைக்காத வயதில் சேர்ந்தவர். தினமும் சாயந்திரம் புருவம், காது முடி எல்லாம் வெள்ளையாக வந்து நிற்பார். நீ கைக்குழந்தையாக இருக்கும்போது அவரைப் பார்த்து வீறிட்டு அழுவாய், குளித்துவிட்டு வந்தால்தான் கிட்டே போவாய். மிளகாய்த் தூள் அரைக்கிற நாளில் குளித்த பிறகும் உன்னைத் தூக்க மாட்டார். நாற்பது வயதில் இருமல் பிடித்தது, விடவில்லை. மந்தைவெளி டாக்டர் அம்மா, மாவுத் தூசி நெஞ்சைப் பிடித்துவிட்டது, வேலையை விடு என்றார்கள். ரெண்டு பம்பு கொடுத்தார்கள், ஒன்று தினமும் அடிக்க, நீலக் கலர் ஒன்று மூச்சு வாங்கும்போது அடிக்க. வேலையை விடவில்லை, பம்பை மட்டும் வாங்கிக்கொண்டோம். மாவு அரைக்க வருகிறவர்கள் எதிரில் அடிக்காதே, டிபி என்று நினைத்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மில்லுக்குப் போய்விடுவார்கள் என்று சொன்னது நான். அவர் மிஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்து அடித்துக்கொள்வார். எட்டு வயதில் உனக்கும் வந்தபோது நீ அவரைப் பார்த்துத்தான் குனிந்து அடிக்கக் கற்றுக்கொண்டாய். நீ குனிந்ததைப் பார்த்து அவர், “நிமிந்து அடி பாப்பா, அப்பத்தான் உள்ள போவும்” என்றார். தான் மட்டும் குனிந்தபடியே இருந்தார்.

இன்னொன்றும் நான் பண்ணினேன். நான் பாத்திரம் தேய்க்கப் போகிற மாமி வீட்டில் எச்சில், சோறு தொட்ட கையால் வேறெதையும் தொடக் கூடாது என்கிற பத்து எல்லாம் பார்ப்பார்கள். அங்கே யாரும் என்னை அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்த்துப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டு நம் வீட்டில் மாமியைவிட அதிகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். டம்ளரைத் தூக்கிக் குடி, கடித்ததை அடுப்பு மேடையில் வைக்காதே என்று உன்னையும் அவரையும் படுத்தியெடுத்தேன். பம்பு வாயில் வைத்து இழுக்கிறது, அதனால் அதுவும் எச்சில். நம் வீட்டில் அதற்கு இடம் பாத்ரூம் பலகையில் பல் விளக்கும் பிரஷ் பக்கத்தில்தான். ஒரு கார்த்திகைக்கு வாசலில் பட்டாசுப் புகை நெஞ்சில் ஏறி, விளக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு இழுக்க முடியாமல் நின்றாயே, நினைவிருக்கிறதா? “வெளக்குகிட்ட வேணாம், பாத்ரூம்ல போய் அடிச்சிட்டு வாடி” என்றேன். நீ தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். உதடு நீலமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

யாத்திரை கிளம்புவதற்கு முன்னால் டாக்டர் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கலாம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கேட்கவில்லை. கேட்டால் போகாதே என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். அதனால் கேட்காமல் இருந்தோம். இந்த ஒரு விஷயத்தில் நைனாவும் என்னோடு சேர்த்தி. “மலைக்கு மேல மாவுத் தூசியே கெடையாதுமே, எனக்கு அங்கதான் நல்லா இருக்கும்” என்று அவரே சொன்னார். காற்று சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைத்தோம். காற்றே கம்மியாக இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? சொல்லக்கூடியவர்களை நாங்கள் கேட்கவில்லை.

பஸ் மலையில் ஏற ஏற அவர் பேச்சு குறைந்தது. மேலே போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சாப்பிடவில்லை, தலைவலி என்றார். மறுநாள் காலையில் தரிசனத்துக்குக் கிளம்பினோம். நான் ரெண்டு பை வைத்திருந்தேன். மஞ்சப் பையில் துளசி, தேங்காய், குங்குமம். ரெக்ஸின் பையில் செருப்பு, துண்டு, பல் பொடி. நைனா நீலப் பம்பைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.

“இன்னாய்யா, எச்சில நெஞ்சுல வெச்சிக்கினு சாமிகிட்ட நிப்பியா?”

“ஏன்மே, சாமிக்கு மூச்சு வாங்காதா?” என்று சிரித்தார்.

“வேண்டுதல் என்னுது. பொண்ணு கல்யாணத்துக்கு வந்துக்கினு கீறோம். ஒரு மணி நேரம் இல்லாம இருக்க மாட்டியா?”

உன் கல்யாணம் என்றதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் அதை ரெக்ஸின் பையில், செருப்புக்கு நடுவில் போட்டேன். பையைச் செருப்பு வைக்கிற இடத்தில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன்.

இதுதான் நான் உனக்குச் சொல்லாதது. குளிர், வயது, விதி என்று நான் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள், நீயும் நம்பினாய்.

வரிசை நகரவே இல்லை. படிக்கட்டில் நிற்கும்போது அவர் கை என் தோளில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கை கனத்தது. அவர் நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மில்லில் பெல்ட் தேய்ந்தால் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அது மாதிரி. இருபது வருஷம் அந்த மூச்சுக்குப் பக்கத்தில் படுத்தவள் நான், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே, இன்னும் அஞ்சு நிமிஷம், சாமியைப் பார்த்துவிட்டு ஓடிப் போய் எடுத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். “முடியலயா?” என்று கேட்டேன். “நல்லாத்தான் கீறேன், நீ நேராப் பாரு, இடிக்கிறாங்க” என்றார். அப்படிச் சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் கீழே ஓடினேன். வெறும் காலில், ஐஸ் மாதிரி இருந்த கல்லில். செருப்பு வைக்கிற இடத்தில் எனக்கு முன்னால் பத்துப் பேர். டோக்கனை நீட்டிக் கத்தினேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர்கள் பேச்சு தெரியாது. நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினேன், நான் ஏதோ சாமி வந்து ஆடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பை கிடைத்து, பம்பை எடுத்துக்கொண்டு மேலே ஓடினால் படியில் அவர் இல்லை. யாரோ தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்கிற இடத்தில் போட்டிருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். கையில் பம்போடு பக்கத்தில் நின்றேன். என்னைக் கண்ணால் பார்த்தார். கீழே கொண்டுபோக வண்டி வருவதற்குள் முடிந்துபோயிற்று.

பம்பு பாக்கெட்டில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் அம்மாவிடம் இன்று கேட்டேன், அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். தெரியாமலே நான் இருந்துதான் ஆக வேண்டும்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று மாமியிடம் மட்டும் கொஞ்சம் சொன்னேன். பாத்திரத்தைப் போட்டுவிட்டு, எச்சில் என்று வாங்கி வைத்தேன் மாமி என்றேன். மாமிக்கு எண்பது வயது, கோபமே வராது. அன்றைக்கு வந்தது. “அசடு, மருந்துக்கு ஏதுடி எச்சில்? போன வாரம் கபாலீஸ்வரர் சன்னதியில நின்னுண்டே நான் நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சுண்டேன். குருக்கள்தான் தூணைப் பிடிச்சுக்கோங்கோன்னார். யாருடி ஒனக்கு இதைச் சொன்னது?” யாரும் சொல்லவில்லை பாப்பா. அந்த வீட்டில் பார்த்ததை வைத்து நானாகவே ஒரு சட்டம் போட்டு, அதை அவர் நெஞ்சின்மேல் வைத்துவிட்டேன்.

இவ்வளவு நடந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். வேளச்சேரியிலிருந்து உன் வீட்டுக்காரர் வீட்டு ஆட்கள் வந்தார்கள். நல்ல மனுஷர்கள், மறுபடி கை நழுவக் கூடாது என்று, நைனாவின் பம்பை மறைத்த நானே உன் பம்பையும் மறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ “எங்க மா மறைக்கிறது” என்று கேட்டபோது அந்தச் செருப்புப் பைதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் சொன்னால் நீ சமாளித்துக்கொள்கிறேன் என்பாய். அதனால்தான் உன் வீட்டுக்காரரிடம் போனேன்.

பேங்கிலிருந்து ஓடி வந்தார். “இன்னா அத்தை, இவ்ளோ தூரம்? அவளுக்கு எதனாவா?”

“பாப்பாவுக்கு வீசிங் கீது மாப்ள. எட்டு வயசுல இருந்து.”

“சளி புடிச்சா எனக்கும்தான் இழுக்கும் அத்தை. இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? டீ சொல்றேன் இருங்க.”

டீ வந்தது. நான் குடிக்கவில்லை. “அது இல்ல மாப்ள. தெனமும் ரெண்டு வேளை பம்பு அடிக்குது. உங்க வூட்டு பாத்ரூம்லதான். குழாயத் தொறந்து உட்டுக்கினு.”

கிளாஸைக் கீழே வைத்தார். “ஏழு மாசமாவா?”

“ஏழு மாசமா.”

“நான் தண்ணி வேஸ்ட் பண்றான்னு சண்ட போட்டுக்கினு கீறேன் அத்தை.” பேங்குப் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். அது மேல தப்பு இல்ல. பம்ப இங்க உட்டுட்டு லடாக் வரேன்னுது. நீங்க கோச்சுக்கினாலும் பரவால்ல, பம்பு இல்லாம இட்டுக்கினு போவாதீங்க.”

நைனா விஷயத்தையும் சொன்னேன், டோக்கன் வரைக்கும். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேல கீது அத்தை” என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். அவர் டீயில் ஆடை கட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். திரும்பி பஸ் ஏறினேன். உன்னைக் கொண்டுவந்து விட்டுவிடுவாரோ, அவர் அம்மாவிடம் சொல்வாரோ, நீ என் முகத்திலேயே முழிக்க மாட்டாயோ என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு பயம். கடைசியில், விட்டாலும் மூச்சோடுதானே வந்து நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பு இல்லை.

சாயந்திரம் போன் வந்தது. எப்படி இருக்கீங்க என்றெல்லாம் இல்லை. எடுத்ததும், “அத்தை, அந்த பம்பு குளிர்ல வேல செய்யுமா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் அந்தப் பம்போடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், தெரியவில்லை. “தெரியல மாப்ள” என்றேன்.

“கேட்டுச் சொல்லுங்க” என்றார். “அப்புறம் அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நானா கண்டுபுடிச்ச மாறி வேணாம்.” குரலில் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இன்று காலை மந்தைவெளிக்குப் போனேன். அன்றைக்கு நைனாவோடு போகாத அந்தப் படியில் ஏறி, கேட்டேன். டாக்டர் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போகலாமா வேண்டாமா என்று உன்னைப் பார்க்காமல் சொல்ல முடியாதாம், ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். போகலாம் என்றால், தினமும் அடிக்கிற பம்பை ஒரு வேளைகூட விடக் கூடாது. நீலப் பம்பு பெட்டியில் இருக்கக் கூடாது, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். ரொம்பச் சில்லிட்டுப் போனால் மருந்து சரியாக வராதாம், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். இறங்கியதும் முதல் ரெண்டு நாள் ஏரி, மலை என்று எங்கேயும் ஓடாமல் சும்மா இருக்க வேண்டும். நெஞ்சு இறுக்கினால், பம்பு அடித்தும் அடங்காவிட்டால், மேலே ஏறக் கூடாது, நாளைக்குச் சரியாகும் என்று உட்காரவும் கூடாது. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், கீழே இறங்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்கு உனக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். டாக்டர் அம்மா சொன்னதை உன் வீட்டுக்காரருக்குப் போனில் சொன்னேன், கூட வருகிறேன் என்றிருக்கிறார். டாக்டர் அம்மா வேண்டாம் என்றால், டிக்கெட் போனால் போகட்டும், அந்த ஏரியைப் போனிலேயே பார்த்துக்கொள்.

நான் போகாதே என்று சொல்லப்போவதில்லை. சொல்லத்தான் ஆசை, வாய் வரைக்கும் வருகிறது. ஆனால் உன் ஆசைக்குக் குறுக்கே என் பயத்தை வைத்தால், நீ அடுத்த தடவை எனக்குத் தெரியாமல் போவாய். மறைப்பது நம் வீட்டில் இனிமேல் வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பை இருக்கும். நைனாவின் ஸ்வெட்டர் கையை வெட்டித் தைத்தேன், அவர் அந்த மலையில் போட்டிருந்த ஸ்வெட்டர். நீலப் பம்பு அதில் சரியாக நிற்கும், அவர் பழைய பம்பை வைத்துத்தான் அளவெடுத்தேன். அந்தப் பழைய பம்பு இப்போது சாமி அலமாரியில் இருக்கிறது. பையில் கயிறு வைத்திருக்கிறேன், தாலிச் சரடோடு கழுத்தில் போட்டு ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள். தாலிக்குப் பக்கத்தில் அது இருக்கலாமா என்று உன் மாமியார் கேட்டால், என் அம்மா போட்டது என்று சொல். மூச்சு வாங்கினால் எதிரில் யார் நின்றாலும் எடுத்து அடித்துக்கொள். நைனா சொன்ன மாதிரி நிமிர்ந்து அடி.

அங்கே இறங்கியதும் போன் பண்ணு. “நல்லாத்தான் கீறேன்” என்று மட்டும் சொல்லாதே. எனக்கு அந்த வார்த்தை ஆகாது. ஒன்றும் பேச வேண்டாம். போனை வாய்க்குக் கிட்டே வைத்து நாலு தடவை மூச்சு இழுத்து விடு. சத்தத்தை வைத்து நான் தெரிந்துகொள்வேன். கேட்டுவிட்டு நானே வைத்துவிடுகிறேன்.

அம்மா